பேட் மாற்றியபின் பெடல் பஞ்சாக அமுங்குகிறது: பதில்

வணக்கம். குட்டி யானை (டாடா ஏஸ்) வண்டியின் முன்சக்கர பிரேக் பேடை நீங்களே மாற்றினீர்கள். வசதிக்காக பிரேக் ஆயில் போகும் ஹோஸையும் கழற்றினீர்கள். இப்போது பெடல் பஞ்சாக அமுங்குகிறது, நாலைந்து முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. புது பேட் மீது பழி போடாதீர்கள். ஹோஸைக் கழற்றிய இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. பேட் மாற்ற ஹோஸில் கை வைக்கவே வேண்டியதில்லை. பேடை அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, ஹோஸோடு கம்பியில் தொங்கவிட்டால் போதும்.

காற்றை வெளியேற்ற இன்னொருவர் தேவை. காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் சிறு திருகான பிளீடர் நிப்பிளில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். அவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூட வேண்டும், அதன்பிறகே அவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும். என் மைத்துனரின் அவசரக் காலால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையே போயிற்று! குழாயில் குமிழி நிற்கும்வரை தொடருங்கள்; இடையிடையே மேலே உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையாமல் பாருங்கள்.

அலமாரியில் திறந்து கிடக்கும் பழைய பாட்டில் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். சூட்டில் ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. பாரத்தோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இத்தனைக்குப் பிறகும், இஞ்சின் ஓடும்போது மிதித்துப் பிடித்த பெடல் மெல்லத் தரையை நோக்கிப் போனால், கசிவையும், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் மெக்கானிக் பார்க்கட்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.