பழைய மாஸி பெர்குசன் 35 டிராக்டர்: பேட்டரியில் சார்ஜ் ஏறாவிட்டால் டைனமோவை மாற்றியே ஆக வேண்டுமா?

எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் சிவப்பு சார்ஜ் விளக்கு அணையவில்லை, பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், தவறு, டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியிலும் இருக்கலாம். ஃபேன் பெல்ட் வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, அடுத்தது டைனமோ. அதன் பெரிய முனை டி, சிறியது எஃப். இரண்டு ஒயரையும் கழற்றி, இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். அந்தக் கம்பிக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் வோல்ட்மீட்டர். வேகத்தை மெதுவாகக் கூட்டினால் முள் தடங்கலில்லாமல் 20 வோல்ட் வரை ஏற வேண்டும். அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் விரட்டினால் காயில் கருகும்.

ஏறினால் டைனமோ நல்லது, ரெகுலேட்டரையும் ஒயரையும் பாருங்கள். 1 வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயில் (காந்தத்தை உண்டாக்கும் நிலையான சுருள்), 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) மீது சந்தேகம். ஆனால் பல நேரம் தேய்ந்த கார்பன் பிரஷ்தான் காரணம். பிரஷ் உரசும் செம்பு வளையம் கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் துடைத்தாலே போதும்.

இன்னொன்று: இந்த வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடம்போடு இணைந்திருக்கும். யாராவது பேட்டரியைத் திருப்பி மாட்டியிருந்தால், எர்த் ஆகாத பேட்டரி முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, கழற்றிய எஃப் முனையில் ஓரிரு முறை தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், பயப்பட வேண்டாம்; டைனமோவுக்குள் இருக்கும் காந்தம் சரியான திசைக்குத் திரும்பிவிடும். அப்புறம் ஒயர்களை மாட்டிக்கொள்ளுங்கள்.