செக் என்ஜின் விளக்கும் வாரண்டி இழுபறியும்: கேள்வி பதில்

கேள்வி: பெட்ரோல் கார். செக் என்ஜின் விளக்கு எரிகிறது; ஸ்கேனரில் பி0420 என்று கோளாறு எண் (கோடு) வருகிறது. வாரண்டியில் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரை இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கோடு. சென்சாரே மட்டமா சார்?

சென்சார் பாவம். சாட்சி சொன்னவனையே பிடித்து உள்ளே தள்ளுகிறார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் பாகம், சரியாக வேலை செய்யவில்லை என்பதுதான் பி0420-ன் அர்த்தம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்தப் பின் சென்சார்தான். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால், என்ஜின் சூடான பிறகு பின் சென்சாரின் வோல்டேஜ் கிராஃப் கிட்டத்தட்ட நேராக ஓடும். அது மேலும் கீழுமாக வேகமாக ஆடினால் கன்வெர்ட்டர் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த கிராஃபை ஸ்கேனரில் உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், குத்துமதிப்பாக மாற்றியிருக்கிறார்கள்.

கன்வெர்ட்டரை மாற்றுவதாகச் சொன்னாலும் உடனே தலையாட்ட வேண்டாம். அது ஏன் கெட்டது என்று கேளுங்கள். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) இருக்கலாம், என்ஜின் ஆயில் குடிக்கலாம், சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு இருக்கலாம். ஆயில் குடிக்கிற என்ஜினில் புது கன்வெர்ட்டரைப் பூட்டினால் அதற்கும் அதே கதிதான்.

கேள்வி: விளக்கு எரியும்போது அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்லை. வண்டியைக் கொண்டுபோகும் நாளில் விளக்கு அணைந்துவிடுகிறது. "ஃபால்ட் எதுவும் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

பெரும்பாலான புகைக் கட்டுப்பாட்டுக் கோளாறுகள், அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். பிறகு மூன்று ஓட்டங்களில் சோதனை தேறினால் தானாக அணையும். ஆனால் கோடு உடனே அழியாது. கோளாறு திரும்பாமல் என்ஜின் சுமார் 40 முறை குளிர்ந்து சூடான பிறகுதான் நினைவிலிருந்து போகும். ஆகவே விளக்கு அணைந்திருக்கிறது என்பது பார்க்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. கோட்டோடு "ஃப்ரீஸ் ஃப்ரேம்" என்ற பதிவும் இருக்கும்: கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்.பி.எம், கூலன்ட் வெப்பம், லோடு எல்லாம். அழிப்பதற்கு முன் அதைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். விளக்கு எரியும்போது ஓடோமீட்டரும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், முந்தின நாள் ராத்திரி நீங்களே மலிவு ஸ்கேனரை மாட்டி கோடை அழித்துவிடாதீர்கள். பலர் செய்கிறார்கள்.

கேள்வி: டீசல் கார். டி.பி.எஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன் (அந்தக் கரியை ஸ்கேனர் மூலம் கட்டாயமாக எரிப்பது) செய்து பில் போடுகிறார்கள். "நீங்கள் குறைந்த தூரம் ஓட்டுகிறீர்கள், வாரண்டி கிடையாது" என்கிறார்கள். முன்பும் இதே தூரம்தான் ஓட்டினேன்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை விடாமல் பத்து இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டும். பாதியில் என்ஜினை அணைத்தால் வேலை கெடும். ஐடில் ஆர்.பி.எம் கூடுவது, ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாதது, வண்டி நின்ற பிறகும் ஃபேன் சுற்றுவது எல்லாம் ரீஜெனரேஷன் நடப்பதன் அறிகுறி.

ஆனால் உங்கள் கடைசி வரிதான் முக்கியம். ஓட்டும் விதம் மாறவில்லை, ஃபில்டர் மட்டும் சீக்கிரம் அடைக்கிறது என்றால், என்ஜினில் ஏதோ மாறியிருக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் என்ஜின் போதிய சூட்டுக்கு வராது, ரீஜெனரேஷனே தொடங்காது. இ.ஜி.ஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் வால்வு) சரியாக மூடாவிட்டாலோ, இன்ஜெக்டர் ஒழுகினாலோ, டர்போ ஹோஸில் கசிவு இருந்தாலோ கரி அதிகம் சேரும். பிரஷர் சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய் வெடித்திருந்தால் ஃபில்டரின் அளவீடே தப்பாகும். நான் முதலில் பார்ப்பது அந்தக் குழாயைத்தான்.

இரண்டு எண்களைக் கேளுங்கள்: கடைசி சில ரீஜெனரேஷன்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், சாம்பல் அளவு எவ்வளவு. கரி எரியும், சாம்பல் எரியாது. டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். ஆயில் லெவல் ஏறியிருந்தால், பாதியில் நின்ற ரீஜெனரேஷன்களின் டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

கேள்வி: டி.பி.எஃபையே எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன் என்கிறார் ஒரு மெக்கானிக்.

வேண்டாம். பல நாடுகளில் அது சட்டவிரோதம். வாரண்டி கேட்கும் வாயும் அன்றோடு அடைந்துவிடும்.

கேள்வி: டீசல் காரில் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் யூரியா திரவம்) பிரச்சினை. நாக்ஸ் சென்சார் (புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடு அளப்பது) மாற்றியும் "இத்தனை கிலோமீட்டரில் ஸ்டார்ட் ஆகாது" என்று எச்சரிக்கை வருகிறது.

முதலில் திரவத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். அடுத்து, திரவத்தைத் தெளிக்கும் டோசிங் இன்ஜெக்டரைக் கழற்றி அளவு ஜாடியில் தெளிக்க வைத்துப் பார்க்க வேண்டும். அதன் நுனியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் எத்தனை சென்சார் மாற்றினாலும் பயன் இல்லை. எச்சரிக்கை பூஜ்ஜியத்துக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். பல மாடல்களில் அதன் பிறகு ஒரு தடவை அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

கேள்வி: வாரண்டி அடுத்த மாதம் முடிகிறது. கோளாறு தீரவில்லை.

கெடுவுக்குள் புகார் எழுத்தில் இருக்க வேண்டும், அதுதான் எல்லாம். ஜாப் கார்டில் சர்வீஸ் அட்வைசர் "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். "விளக்கு எரிகிறது, இதே கோளாறு முன்பும் வந்தது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுத வையுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினாலும் அதற்கும் சீட்டு வாங்குங்கள். பிறகு டீலரைத் தாண்டித் தயாரிப்பாளருக்கே எழுதி, புகார் எண் வாங்குங்கள். இந்த மாடலுக்குச் சர்வீஸ் புல்லட்டின் (தெரிந்த கோளாறு பற்றி தயாரிப்பாளர் வொர்க்ஷாப்புகளுக்கு அனுப்பும் குறிப்பு) வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். புகைக் கட்டுப்பாட்டு பாகங்களுக்குத் தனி வாரண்டி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். உதாரணமாக, அமெரிக்காவில் கன்வெர்ட்டருக்கும் என்ஜின் கம்ப்யூட்டருக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என்பது சட்டம்.

கேள்வி: விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. வண்டி ஓடத்தான் செய்கிறது. சர்வீஸ் தேதிவரை ஓட்டலாமா?

கூடாது. மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். டோ செய்து கொண்டுபோங்கள். விளக்கு மின்ன மின்ன எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்பது சில கார்களில் பதிவாகியிருக்கும். மற்ற நேரம் ஸ்கேனரை எடுக்கவே யோசிக்கிறவர்கள், வாரண்டியை மறுக்க அதை மட்டும் மறக்காமல் எடுத்துக் காட்டுவார்கள்.