வெங்காயம், மிளகாய், கிணற்றுத் தண்ணி: யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கேள்விகளும் பதில்களும்

விவசாயப் போதனாசிரியராக இருந்து இளைப்பாறியவன் நான். மழை முந்திய மாதிரி இல்லை என்று கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோப்பாயிலிருந்து ஒரு தம்பி: "ஐயா, கார்த்திகையில நட்ட வெங்காயம் மூண்டு நாள் மழையில அழுகிப் போச்சு. இனி எப்ப நடுறது?"

நிஷா (2008), புரெவி (2020), பெங்கல் (2024) மூன்று புயலும் எங்களுக்கு மழை கொட்டியது கார்த்திகை 10க்கும் 20க்கும் இடையிலே. அதற்கு முன்னம் விதை வெங்காயம் முழுவதையும் நிலத்தில் போடாதேங்கோ. பாதியை மார்கழிக்கு வையுங்கோ. பாத்தியை உயர்த்திப் போட்டு, தண்ணி வடிய வாய்க்கால் விடுங்கோ. யூரியாவைக் கூட்டினால் இலை கொழுத்து நோய்தான் வரும். மிச்ச யூரியா மண்ணுக்குள்ளால இறங்கி நைத்திரேற்றாக நாங்கள் குடிக்கிற கிணற்றுக்குள்ளேயே போகும்.

சாவகச்சேரி அக்கா: "கறுத்தக்கொழும்பான் மாமரத்துப் பூ எல்லாம் கருகிக் கொட்டுது."

பூக்கிற நேரத்து மழையில் வருகிற பூஞ்சண நோய். காய் பிடுங்கி முடிந்ததும் உள்கொப்புகளை வெட்டி, காற்றோட்டம் வரச் செய்யுங்கோ.

உரும்பிராய்: "மிளகாய் இலை சுருளுது, என்ன மருந்து?"

இலையைத் திருப்பிப் பாருங்கோ. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு.

புன்னாலைக்கட்டுவன்: "ஆவணியில கிணறு வத்துது. ஆழக் குழாய்க்கிணறு அடிக்கலாமோ?"

அடிக்காதேங்கோ. எங்கள் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. அதேதான் உங்கள் காணிக்குக் கீழேயும். கணக்குப்படி, நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் உவர் ஏறக்குறைய 40 அடி மேலெழும்பும்.

அவரே திரும்ப: "பக்கத்துக் காணிக்காரர் அடிச்சு ரண்டு வருசம், தண்ணி நல்லாத்தான் இருக்கு. அப்ப எங்களைத் துலாவாலயோ இறைக்கச் சொல்லுறியள்?"

துலா வேண்டாம், மோட்டரே இருக்கட்டும். ஆனால் ஒரே மூச்சில் மூன்று மணித்தியாலம் ஓட விடாமல், காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சமாக இறையுங்கோ. இடையில் கிணறு ஊறட்டும். இரண்டு வருசத்தை வைத்து முடிவு சொல்லாதேங்கோ. என் சித்தப்பாவின் கிணறும் அப்படித்தான் நன்றாக இருந்தது. பிறகு ஒரு நாள் வாய்க்கால் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நான் விரலால் எடுத்து நாக்கில் வைத்தேன், உப்பு. வெங்காயத் தாளின் நுனி நெருப்புப் பட்டதுபோல் காய்ந்திருந்தது. அந்தத் தறையில் அவர் அதற்குப் பிறகு வெங்காயம் நடவில்லை.

மானிப்பாய்: "உப்பு வந்திட்டால் பிறகு ஒண்டும் செய்யேலாதோ?"

செய்யலாம், பொறுமை வேண்டும். மாரிக்கு முன்னம் காணியைச் சுற்றி வரம்பு கட்டுங்கோ. மழை அங்கேயே நின்று, உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்கும். அதுவரைக்கும் பயிரை மாற்றுங்கோ. பாய்ச்சுகிற நீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.8 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும். பீட்றூட் 2.7 வரை தாங்கும். போஞ்சியை நினைக்கவே வேண்டாம்.

நீர்வேலி: "மிளகாய் இலை சுருளுது ஐயா, மருந்து?"

மேலே உரும்பிராய்க்காரருக்குச் சொன்னதை வாசியுங்கோ. முதலில் இலை, பிறகுதான் மருந்து.

இணுவில்: "முந்திரிகைக் கொடிக்கு எப்ப கவ்வாத்து?"

என் துறை அல்ல. திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கோ.

அச்சுவேலி: "மிளகாய் இலை..."

வாசியுங்கோ தம்பி. கடையில் தந்த மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் பூச்சிக்குப் பழகிப் போகும்.

புன்னாலைக்கட்டுவன் மறுபடியும்: "சரி ஐயா, குழாய் அடிக்கேல்லை. தண்ணியை எப்ப சோதிக்கிறது?"

மாரிக்கு முன்னம், புரட்டாதியில், கிணறு ஆக அடியில் நிற்கும்போது. அரை மணித்தியாலம் இறைத்த பிறகு போத்தலில் பிடியுங்கோ, இறைக்கத் தொடங்கின உடனே வேண்டாம்.