காலையில் மட்டும் வரும் நீலத்திரை: மதர்போர்டை மாற்றும் முன் ரேமைப் பாருங்கள்

கேள்வி: உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே அசெம்பிள் செய்த கணினி இது. ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி). முதலில் 3600 வேகத்தில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு போட்டிருந்தேன். பிறகு அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்தேன். சில வாரங்களாகக் காலையில் முதன்முறை ஆன் செய்தால் விண்டோஸ் லோகோ தெரிந்தவுடன் நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது. இரண்டு மூன்று முறை அப்படி ஆன பிறகு நாள் முழுவதும் நன்றாக ஓடுகிறது. பிழைச்செய்தியோ ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. விண்டோஸை அழித்துவிட்டு மீண்டும் போட்டும் பயனில்லை. மதர்போர்டை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் மூன்று ஒன்றாகச் சேர்ந்து ரேமையே காட்டுகின்றன: செய்தி மாறிக்கொண்டே இருப்பது, இரவு முழுவதும் அணைந்திருந்த பிறகு மட்டும் தொல்லை வருவது, விண்டோஸைப் புதிதாகப் போட்டும் தீராதது.

டிரைவர் (வன்பொருளை இயக்க உதவும் நிரல்) ஒன்று கெட்டிருந்தால் நீலத்திரையில் பெரும்பாலும் ஒரே செய்தி, பல வேளைகளில் ஒரே கோப்பின் பெயருடன், திரும்பத் திரும்ப வரும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது நடந்தது அதுதான். உங்கள் கணினியில் இன்று 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றும், நாளை 'பேஜ் ஃபால்ட்' என்றும், மறுநாள் 'சிஸ்டம் சர்வீஸ் எக்செப்ஷன்' என்றும் வருமானால், ஒவ்வொரு செய்தியையும் தனித்தனி நோயாகக் கருதி இணையத்தில் மருந்து தேடுவது வீண்வேலை. ரேமில் ஒரு பிட் தவறிப்போனால், அந்த இடத்தில் அப்போது எந்த நிரல் இருந்ததோ அதுதான் விழும். விழும் நிரலைப் பொறுத்துச் செய்தியும் மாறும்.

இதில் குழப்பக்கூடிய இன்னொன்றை முதலில் விலக்கிவிட வேண்டும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி வழக்கமாக இயங்கும் நிலையிலேயே இருக்கும். நீங்கள் ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலையும் டிரைவர்களின் நிலையையும் அது வட்டில் சேமித்து வைத்து, மறுநாள் காலையில் அதையே எடுத்து ரேமில் ஏற்றுகிறது. ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே காலையில் மட்டும் தொல்லை, ரீஸ்டார்ட்டில் இல்லை என்றால் இந்த வசதியும் காரணமாக இருக்கலாம். ஆனால் உங்களுக்கு முதல் நீலத்திரைக்குப் பிறகு வரும் ரீஸ்டார்ட்டிலும் தொல்லை தொடர்வதால் அதன்மீது எனக்குச் சந்தேகம் குறைவு. இருந்தாலும் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று அதை அணைத்துவிடுங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டி உள்ள கணினியில் அதனால் மிச்சமாகும் நேரம் மிகக் குறைவு.

இனி ரேமுக்கு வருவோம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 3600 என்பது ரேம் இயல்பாக ஓடும் வேகம் அன்று. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கி, மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து வழக்கமாக 1.35 வோல்ட்டுக்கு உயர்த்தி எட்டும் வேகம். உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி அறிவித்துள்ள உச்சவேகமோ இரண்டு ரேம்களுடன் 3200தான். நான்கு போட்டால், அவை ஒற்றை ரேங்க் (சில்லுகள் ஒரே தொகுதியாக இயங்கும்) வகையானால் 2933, இரட்டை ரேங்க் வகையானால் 2667. ஆக, நான்கு ரேம்களை 3600இல் ஓட்டுவது உறுதியளிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிய செயல். பல கணினிகள் தாங்கிக்கொள்கின்றன. தாங்காதவற்றைக் குறை சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, இரண்டு ரேம் கொண்ட ஒரு பெட்டியை மட்டுமே ஒன்றாகச் சோதித்து விற்கிறார்கள். ஒரே மாடல் எண்ணில் பின்னால் வாங்கிய பெட்டிக்குள் வேறு சில்லுகள் இருப்பதும் உண்டு.

காலையில் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். திரையில் ஓர் எழுத்து வருவதற்கு முன்பே, பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே ஓடும் சமிக்ஞைகளைக் கணினி அளந்து ஒத்திசைத்துக்கொள்கிறது. சில்லுகள் ஆறியிருக்கும்போதும் சூடேறிய பிறகும் இந்த அளவுகள் சற்றே வேறுபடும். எல்லையை ஒட்டி ஓடும் அமைப்புக்கு அந்தச் சிறு வேறுபாடே போதும்.

செய்ய வேண்டியது இது. பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பியை அணைத்து, ரேமை அதன் இயல்பு வேகத்திலேயே விட்டு, நான்கைந்து காலைகள் பாருங்கள். வேறு எதையும் அந்த நாட்களில் தொடாதீர்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். தொல்லை நின்றுவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. பிறகு வேகத்தை 2933க்கு உயர்த்திப் பார்க்கலாம்.

நிற்கவில்லையென்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, இரவெல்லாம் அணைந்திருந்த கணினியைக் காலையில் அதிலிருந்தே தொடங்குங்கள். மாலையில் சூடான கணினியில் சோதித்து 'பிழை இல்லை' என்று நிம்மதி அடைவது உங்கள் விஷயத்தில் பயன்தராது. இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகள் ஓடும், நான்கையும் ஓடவிடுங்கள். சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், ஏற்கத்தக்க அளவு என்று எதுவும் இல்லை. அதன்பின் மின்இணைப்பைத் துண்டித்து, ரேம்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் குற்றவாளி தெரிந்துவிடும். ஒரே ஒரு ரேம் போடும்போது பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட், இரண்டு போடும்போது இரண்டாவதும் நான்காவதும் சரியான இடங்கள். உங்கள் பலகையின் கையேட்டில் ஏ2, பி2 என்று குறித்திருக்கும். இரு முனைகளிலும் 'டிக்' என்று பூட்டு விழும்வரை அழுத்த வேண்டும். சில பலகைகளில் ஒரு முனையில் மட்டுமே பூட்டு இருக்கும். அங்கே மறுமுனை அரைகுறையாக நின்றுவிடுவதை நிறையப் பார்க்கிறோம்.

எல்லா ரேமும் தனித்தனியே தேறி, ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் எந்த ரேமைப் போட்டாலும் பிழை வருமானால், அப்போதுதான் மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன்னும் பிராசஸரை எடுத்து, சாக்கெட்டின் மேல் தூசியோ தெர்மல் பேஸ்ட்டோ ஒட்டியிருக்கிறதா, பிராசஸரின் அடியில் ஊசி ஏதும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேமைக் கட்டுப்படுத்தும் சுற்று பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், ஒரு வளைந்த ஊசி கெட்ட ஸ்லாட்டைப் போலவே தோற்றம் காட்டும். எஸ்எம்பிஎஸ் பலவீனமானால் பொதுவாக நீலத்திரையே வராமல் கணினி சட்டென்று அணைந்து எழும்; உங்கள் அறிகுறி அப்படியில்லை.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதீர்கள். விண்டோஸை நீங்கள் மறுபடி போட்டபோதும் அத்தனை கோப்புகளும் இதே ரேம் வழியாகத்தான் வட்டுக்குச் சென்றன. அவற்றில் சில சிதைந்திருக்கக்கூடும். எனவே ரேம் பிரச்சினை தீர்ந்தது உறுதியான பிறகு, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்து, விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒருமுறை ஓட்டுங்கள். அது சரிசெய்ய முடியவில்லை என்றால் அப்போது விண்டோஸை மீண்டும் போடுங்கள். பயாஸ் புதுப்பிப்பையும் அதுவரை தள்ளிவையுங்கள். முக்கியமான புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் இன்றே நகலெடுத்து, பெரிய கோப்புகள் சிலவற்றைத் திறந்து பார்த்து அவை சிதையாமல் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கெட்டது எந்த ரேம் என்று தெரிந்தால், மெம்டெஸ்ட் திரையைப் படம் எடுத்து, பில்லுடன் கடையில் கொடுங்கள். ஒரே பெட்டியில் வந்த ஜோடி என்றால் இரண்டையும் சேர்த்தே வாரன்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.