வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்: காண்ட்ராக்டர் ஆக நினைக்கும் மகனின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை பெங்களூர் அல்சூரில் என் அலுவலகத்துக்கு ஆலோசனை கேட்க வந்தபோது பக்கத்தில் சிவில் படித்த உங்கள் மகன் உட்கார்ந்திருந்தான். நீங்கள் கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "பாண்டுன்னு ஏதோ சொல்றான் சார், வீடு என் பேர்ல இருக்கு, கையெழுத்துப் போடலாமா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். மகனும் படிக்கட்டும், அவனுக்குத் தெரியக்கூடாத எதுவும் இதில் இல்லை.

முதலில் லைசென்ஸ். ஸ்ரீராமபுரத்தில் உங்கள் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷமாக வீடு கட்டிக் கொடுக்கிறார், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி. இதுவரை அவரிடம் யாராவது லைசென்ஸ் கேட்டிருக்கிறார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். தனியாருக்கு வீடு கட்டித் தரும் சிவில் காண்ட்ராக்டருக்கு நம் ஊரில் பரீட்சை வைத்து லைசென்ஸ் தரும் ஏற்பாடு கிடையாது. பிளானில் கையெழுத்துப் போடும் ஆர்க்கிடெக்டுக்கும் இன்ஜினியருக்கும்தான் பதிவு வேண்டும். கட்டுகிற மேஸ்திரிக்கு வேண்டாம். இது சரியா தப்பா என்பது வேறு பேச்சு.

மகன் லைசென்ஸ் என்று சொல்வது வேறு. அது அரசின் கட்டுமான வேலைகளை டெண்டரில் எடுப்பதற்கான பதிவு. பொதுப்பணித் துறையில், அதாவது போர்டில் லோகோபயோகி இலாகா என்று எழுதியிருக்குமே, அங்கே காண்ட்ராக்டர்களை வகுப்பு வகுப்பாகப் பதிவு செய்கிறார்கள். எந்த வகுப்போ அதற்கேற்ற தொகை வரைதான் டெண்டர் போடலாம். மத்திய அரசின் பொதுப்பணித் துறையான சி.பி.டபிள்யூ.டி.யில் வேறு வகுப்புகள், ரயில்வேயில் வேறு விதிகள். ஓரிடத்துப் பதிவை வைத்து இன்னோரிடத்தில் தானாக நுழைந்துவிட முடியாது. முடித்த வேலை, பணவசதி, ஆள், கருவி என்று அவர்கள் பார்ப்பது மட்டும் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பதிவான பிறகு மாநில அரசு டெண்டர் எல்லாம் கே.பி.பி.பி. என்ற கர்நாடக அரசின் கொள்முதல் தளத்தில், டிஜிட்டல் கையெழுத்தோடு. இவற்றுக்கெல்லாம் அடிப்படைச் சட்டம் 1999இல் வந்த கர்நாடக பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம்.

நாற்பத்தைந்தாயிரம் கொடுத்தால் "எல்லா லைசென்சும்" எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னாராமே. இதே மாதிரி ஒருவரிடம் பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்த பையன் ஒருவன் உண்டு. அவன் கையில் இருந்தது மூன்று காகிதம்: ஜி.எஸ்.டி. பதிவு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, டிரேட் லைசென்ஸ். மூன்றும் உண்மையானவைதான், ஆனால் மூன்றில் எதுவும் காண்ட்ராக்டர் பதிவு இல்லை. உத்யம் பதிவு இலவசம், வீட்டிலிருந்தே போடலாம். "உத்யம் இருந்தால் டெண்டருக்கு முன்பணம் கட்ட வேண்டாம்" என்று வேறு அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். மத்திய அரசின் சிறுதொழில் கொள்முதல் கொள்கையில் அந்தச் சலுகை பொருளுக்கும் சேவைக்கும்தான், கட்டுமான ஒப்பந்தத்துக்கு இல்லை. அந்தப் பையன் அதை நம்பி டெண்டர் போட்டு, முதல் சுற்றிலேயே தள்ளுபடி ஆனான்.

இப்போது நீங்கள் கேட்ட பாண்டுக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் பாண்டு என்றால் முத்திரைத்தாள், ஜாமீன், அப்புறம் சண்டை. அந்தப் பயம் நியாயமானது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 126ஆம் பிரிவு ஜாமீனுக்கு விளக்கம் தருகிறது. மூன்று பேர்: வேலை செய்ய ஒப்புக்கொண்டவர், வேலை கொடுத்தவர், "அவர் செய்யாவிட்டால் நான் பொறுப்பு" என்று நிற்பவர். 128ஆம் பிரிவு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கடன்பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்கிறது. என் பெரியப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு நண்பருக்காகக் கையெழுத்துப் போட்டு ஒன்றரை ஏக்கர் போயிற்று. சட்டம் தெரிந்தபோது நிலம் இல்லை.

அரசு டெண்டரில் இதே மூன்று பேர்தான், மூன்றாவது ஆளின் இடத்தில் பெரும்பாலும் வங்கி இருக்கும். டெண்டர் போடும்போதே ஈ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகை, அதாவது மேலே சொன்ன முன்பணம், வேண்டும். மத்திய அரசின் நிதி விதிகளில் இது மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை. டெண்டர் கிடைத்த பிறகு பின்வாங்கினால் அது போச்சு. கிடைத்து ஒப்பந்தம் போடும்போது வேலை ஈடு, அதைத்தான் பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி என்கிறார்கள். ஒரு கணக்குக்காக நாற்பது லட்ச ரூபாய் சாக்கடை வேலை என்று வையுங்கள். 2 சதவீத ஈ.எம்.டி. என்றால் எண்பதாயிரம், 5 சதவீத வேலை ஈடு என்றால் இரண்டு லட்சம். ரொக்கமாகவோ எஃப்.டி.யாகவோ கொடுக்கலாம், அல்லது வங்கி ஜாமீன் நின்று தரும் பேங்க் கேரண்டி. பேங்க் கேரண்டி கேட்டால் புது ஆளிடம் வங்கி என்ன சொல்லும் தெரியுமா? "இரண்டு லட்சத்துக்கும் எஃப்.டி. போடு, அதை எங்களிடம் அடகு வை, மேலே கமிஷன் கொடு." பத்து வருஷம் கணக்கு வைத்திருப்பவருக்குக் குறைந்த மார்ஜின், அதாவது தொகையில் ஒரு பகுதிக்கு மட்டும் எஃப்.டி., போதும். எஃப்.டி. போட முடியாதவரிடம்தான் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். உங்கள் மகன் நிற்பது இந்த இடத்தில்.

வேலை முடிந்ததும் அந்தப் பணம் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். பழுது வந்தால் காண்ட்ராக்டரே சரிசெய்து தர வேண்டிய பழுது பொறுப்புக் காலம் முடியும் வரை அதன் ஒரு பகுதியாவது மாட்டிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் பில் வரும்போது வருமான வரி 1 சதவீதம், ஜி.எஸ்.டி.யில் 2 சதவீதம், தொழிலாளர் நல செஸ் 1 சதவீதம் என்று பிடித்தம். பில் தாமதத்தைப் பற்றி இந்த ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிமென்ட் கடைக்காரரும் கூலியாட்களும் சனிக்கிழமை பணம் கேட்பார்கள், அரசு சனிக்கிழமை கொடுக்காது.

சூரிட்டி பாண்டு என்று மகன் சொன்னதும் பொய்யில்லை. வங்கிக்குப் பதில் காப்பீட்டு நிறுவனம் ஜாமீன் நிற்பதுதான் அது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டுதல் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே வருஷத்து மத்திய பட்ஜெட்டிலும் பேங்க் கேரண்டிக்குப் பதிலாக இதை ஏற்கலாம் என்று அறிவித்தார்கள். டிசம்பரில் முதல் பாலிசியும் வந்தது. வங்கிக் கடன் வரம்பு முடங்காமல் இருப்பது இதன் நல்ல பக்கம். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிரீமியம் கட்டுவதால் இது வண்டி இன்சூரன்ஸ் மாதிரி ஆகிவிடாது. வண்டி மோதினால் கம்பெனி உங்களுக்காகக் கொடுத்துவிட்டுப் போய்விடும். சூரிட்டியில் உங்கள் மகன் வேலையைப் பாதியில் விட்டால் கம்பெனி அரசுக்குக் கொடுக்கும், பிறகு அந்தப் பணத்தை உங்கள் மகனிடமே வசூலிக்க வரும். பாதுகாப்பு வேலை கொடுத்தவருக்கு, காண்ட்ராக்டருக்கு அல்ல. அதனால் அவர்களும் பாலன்ஸ் ஷீட்டையும் முடித்த வேலைகளையும் துருவிப் பார்ப்பார்கள். இதுவரை இது பெரிய சாலைக் கம்பெனிகளின் சரக்குதான். நேற்று பட்டம் வாங்கிய பையனுக்கு யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பி, லைசென்சுக்கே பரீட்சையும் பாண்டும் வேண்டும் என்று போனில் சொன்னதும் சேர்ந்துதான் மகன் தலையில் குழம்பிக் கிடக்கிறது. தம்பி இருப்பது கலிபோர்னியா. அங்கே வீடு கட்டும் வேலைக்கே லைசென்ஸ் உண்டு. நான்கு வருஷ அனுபவம், சட்டமும் வியாபாரமும் பற்றி ஒரு பரீட்சை, தொழிலைப் பற்றி ஒரு பரீட்சை, அதோடு 25,000 டாலருக்கு பாண்டு. இந்தப் பாண்டுத் தொகை 2023 ஜனவரி முதல். பாண்டு என்றால் அவ்வளவு டாலரைக் கட்டி வைப்பதில்லை, அதற்கான பிரீமியம் மட்டும்தான். சிவில் படிப்பை அனுபவத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள், ஆனாலும் ஒரு வருஷமாவது நேரடி வேலை வேண்டும். அதே நாட்டில் டெக்சாஸில் பொதுக் கட்டட காண்ட்ராக்டருக்கு மாநில லைசென்சே கிடையாது. ஆகவே தம்பி சொன்னது அவர் ஊருக்குச் சரி, ராஜாஜி நகர் டெண்டருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கையெழுத்து விஷயத்தில் மூன்று காகிதங்களை நீங்கள் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். சால்வன்சி சர்டிபிகேட் என்பது, இந்த ஆளுக்கு இவ்வளவு வசதி உண்டு என்று வங்கியோ தாசில்தாரோ சொல்வது. அதற்காகப் பத்திர நகல் காட்டுவதால் வீடு அடகு ஆகிவிடாது. ஆனால் வீடு உங்கள் பெயரில் இருப்பதால் அது உங்கள் வசதியைத்தான் காட்டும், மகனுடையதை அல்ல. அதனால் அடுத்த யோசனையாக "அம்மாவைப் பார்ட்னராகப் போட்டுவிடலாம்" என்பார்கள். சும்மா பேருக்குத்தானே என்று தலையாட்டிவிடாதீர்கள். 1932ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டுத் தொழிலின் கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் தனித்தனியாகவும் முழுப்பொறுப்பு, பங்கு ஒரு சதவீதமாக இருந்தாலும். மூன்றாவது, அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பது. பெங்களூரில் ரிஜிஸ்டர் ஆபீஸ் படி ஏறாமலே அது அடமானம் ஆகிவிடும். முதலாவதை விசாரித்துச் செய்யலாம். மற்ற இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். இதை நான் ஆலோசகராகச் சொல்லவில்லை, அந்தப் பெரியப்பாவின் மகனாகச் சொல்கிறேன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"அப்போ நான் காண்ட்ராக்டரே ஆகக் கூடாதா?" என்று பையன் முகத்தைத் தூக்குவான். தாராளமாக ஆகட்டும், எனக்குப் பிடித்த தொழில் அது. என் கவலை வரிசையைப் பற்றித்தான். ஜாமீன் நிற்பவர் வங்கியோ காப்பீடோ யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: இதுவரை என்ன முடித்திருக்கிறாய், காகிதத்தில் காட்டு. உங்கள் வீட்டுக்காரர் ஐம்பது வீடாவது முடித்திருப்பார், ஒன்றுக்கும் காகிதம் இல்லை. எல்லாம் கை ரொக்கம். இருபத்தெட்டு வருஷ உழைப்பு வங்கியின் கண்ணில் பூஜ்யம். இதில்தான் எனக்கு வருத்தம்.

ஆகவே மகன் இரண்டு மூன்று வருஷம் ஒரு முதல் வகுப்பு காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகப் போகட்டும். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஐ.டி. வேலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள். அங்கே முடித்த வேலையை அளந்து அளவுப் புத்தகம் எழுதுவதையும், வேலை நடக்க நடக்க ரன்னிங் பில் போடுவதையும், எந்த ரேட்டுக்குக் கீழே டெண்டர் போட்டால் கை சுடும் என்பதையும் கற்றுக்கொள்ளலாம். கல்லூரியில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. கன்னடம் எழுதப் படிக்கப் பழகட்டும். பேசுவது மட்டும் போதாது, ஆபீஸ் கடிதம் கன்னடத்தில்தான் வரும். மாநில அரசின் இன்ஜினியர் வேலைக்குத் தேர்வு எழுத நினைத்தாலும் கன்னடத் தாள் கட்டாயம்.

அதே நேரத்தில் அப்பாவின் தொழிலைக் காகிதத்துக்குக் கொண்டு வாருங்கள். அவர் பெயரில் நடப்புக் கணக்கு, வருஷா வருஷம் வருமான வரி ரிட்டர்ன், வீடு கட்டச் சொல்பவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம், பணம் வங்கி வழியாக. வருஷத்து மொத்த வரவு (லாபம் அல்ல) இருபது லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பத்து ஆள் இருந்தால் ஈ.எஸ்.ஐ., இருபது ஆள் இருந்தால் பி.எஃப். வரி போகும், உண்மைதான். அந்த வரி ரசீதுதான் நாளைக்கு மகனுக்கு ஜாமீன் வாங்கித் தரும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொள்வார். பிறகு கீழ் வகுப்பில் பதிவு, எஃப்.டி. போடக்கூடிய அளவுக்குச் சின்ன வேலை ஒன்று. சாதிச் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். கர்நாடகத்தில் குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வேலைகளில் பட்டியல் சாதிக்கு 17.15 சதவீதம், பட்டியல் பழங்குடிக்கு 6.95 சதவீதம் என ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுச் சான்றிதழ் இங்கே செல்லாமல் போகலாம், மகன் பெயருக்கு கர்நாடகச் சான்றிதழ் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

போகிற போக்கில் சின்னவனைப் பற்றியும் சொன்னீர்கள், ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் படிக்கிறான் என்று. அவனை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. இந்த ஊரில் லைசென்ஸ் என்ற சொல்லுக்கு உண்மையான மதிப்பு இருப்பது அவன் தொழிலில்தான். மின் ஆய்வுத் துறை வயர்மேன் பெர்மிட், சூப்பர்வைசர் பெர்மிட், காண்ட்ராக்டர் லைசென்ஸ் என்று படிப்படியாகத் தருகிறது. புது வீட்டுக்கு பெஸ்காம் மின் இணைப்பு வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிகல் காண்ட்ராக்டரின் கையெழுத்து இல்லாமல் நடக்காது. அப்பா கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்போது அந்தக் கையெழுத்தை வெளியாளிடம் காசு கொடுத்துத்தானே வாங்குகிறார்? படிப்பு முடிந்ததும் அவனை ஒரு லைசென்ஸ்காரரிடம் சேர்த்துவிடுங்கள், பெர்மிட்டுக்கு வழி அவரே சொல்லுவார்.

அடுத்த வாரம் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு மூவருமாக வாருங்கள். அவருடைய பேன் கார்டு, வங்கிப் பாஸ்புக், கடைசியாக முடித்த நான்கைந்து வீடுகளின் விலாசம், அவற்றின் உரிமையாளர்கள் போன் நம்பர், இவை போதும். அந்த உரிமையாளர்களிடம் வேலை முடிந்ததற்கு ஒரு கடிதம் எழுதி வாங்க முடியுமா என்று பார்ப்போம். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு வர வேண்டாம்.