கவிதையை யாரும் பதிப்பிக்காததால்தான் கவிஞர்கள் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்குகிறார்களா?

இதைக் கேட்ட நண்பர் முடித்துவைத்த கவிதைத் தொகுப்பு ஒன்றோடு, நாமே அச்சிட்டுவிடலாமா, அச்சிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொண்டிருப்பவராக இருக்க வேண்டும். மன்னார்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் உறவினர் ஒருவர் இதே கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டார். அன்று பதில் சொல்லாமல் கை கழுவ எழுந்துவிட்டேன். அதனால்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் முதல் தொகுப்பை வேறொரு பதிப்பகம்தான் வெளியிட்டது. அதில் என் நீண்ட வரிகள் டெம்மி என்னும் வழக்கமான நூல் அளவுப் பக்கத்தின் அகலத்தில் அடங்காமல் மடிந்து, கடைசிச் சொல் மட்டும் அடுத்த வரியில் தனியே நின்றது. நான் அந்த இடத்தில் வரியை உடைக்கவில்லை. மதிப்புரை எழுதிய ஒருவர் அந்தத் தனிச்சொல்லையே எடுத்துக்காட்டிப் பாராட்டியிருந்ததைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. கவிதை தெரிந்த ஒருவர் மெய்ப்புப் பார்த்திருந்தால் எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்தோ, ஓரத்தைச் சற்று ஒடுக்கியோ வரியைக் காப்பாற்றியிருப்பார். நான் பதிப்பகம் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். பெரிய பதிப்பகங்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நூற்றுக்கணக்கில் நூல் போடுகிறவர்களால் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் உட்கார்ந்திருக்க முடியாது. இதுவரை நான் வெளியிட்ட இருபத்து மூன்று நூல்களில் என்னுடையது ஒன்றே ஒன்று.

கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளிக்கொண்டுவர ஊர் ஊராகக் கையொப்பம், அதாவது நூலுக்கு முன்பணம் தருவோரின் ஆதரவு, திரட்ட வேண்டியிருந்தது. அதே ஊரில் எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராம் பட்டுச் சரிகை வணிகத்தில் இருந்தவர். 1948இல் ‘தேனீ’ என்ற இலக்கிய இதழை நடத்தினார். அவர்களோடு என்னை ஒப்பிடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் எழுதுகிறவனே அச்சுக் கூலிக்கும் அலைவது காவிரிக் கரையில் புதிய செய்தி அல்ல என்பதை அந்த உறவினருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வருமானம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்பது பக்கக் கவிதை நூல் என்பது ஐந்து ஃபாரம் (பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்); முந்நூறு பிரதிகள் போடுவேன். நூறு ரூபாய் விலையில் கடைக்கு நாற்பது ரூபாய் கழிவு போய்விடும். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பார்கள், தாளுக்குக் கட்டிய வரி நமக்குத் திரும்பி வராது என்பதை யாரும் சொல்வதில்லை. பக்கத்து மாவட்டக் கடை ஒன்று நாற்பது பிரதிகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு ஆண்டுகளாகப் பணமும் தரவில்லை, நூலையும் திருப்பவில்லை. நேரில் போனால் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். எனக்கு மூன்று ஏக்கர் நிலமும் கணினியில் அச்சுக் கோக்கும் டி.டி.பி. கடையும் இருப்பதால் தாங்குகிறேன். இதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. சென்னைப் புத்தகக் கண்காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. எங்களுக்கு அப்போதுதான் சம்பா அறுவடை. அதற்கான நூல்களை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அச்சிட்டு அடுக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, ஓர் ஆசிரியையின் முதல் தொகுப்பு முந்நூறும் எங்கள் ஓட்டுவீட்டின் முன்னறையில் இருந்தன. ஓடுகள் பறந்துவிட்டன. விடிந்து பார்த்தால் கட்டுகள் ஊறிய நெல்மூட்டை போல உப்பிக் கிடந்தன. அட்டையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் பால் ஏடு போல உரிந்து வந்தது.

நான்காம் நாள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து அந்த ஆசிரியை வந்தார். அவர்கள் வீட்டில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. “அண்ணே, மரத்தை நிமித்த முடியாது, இதையாவது பார்ப்போம்” என்று திண்ணையில் உட்கார்ந்து, ஈரப் பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் துண்டுகளை வைக்கத் தொடங்கினார். மின்சாரம் இல்லாததால் மின்விசிறியும் இல்லை. வெயில் வந்தால் முற்றம், மறைந்தால் திண்ணை என்று எட்டு நாள் நானும் என் மனைவியும் அவரும் பக்கம் பக்கமாகப் பிரித்தோம். எழுபத்தொரு பிரதிகள் தேறின. ஓரமெல்லாம் தேநீர் நிறத்தில் கறை. ஒரு கவிதையின் மீது செய்தித்தாளின் எழுத்து தலைகீழாகப் பதிந்திருந்தது.

கண்காட்சிக்கு நண்பர் ஒருவரின் கடையில் அவற்றைத்தான் வைத்தோம். பாதி விலை என்று எழுதியிருந்தும், வாங்கியவர்களில் பலர் முழு விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு இருநூறு பிரதிகள் மறு அச்சுப் போட்டோம், அவையும் தீர்ந்துவிட்டன. கறைப் பிரதி ஒன்று மட்டும் என் மேசையில் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் கேட்ட அதே உறவினர் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது அதை எடுத்துப் புரட்டி, “இது விலைக்கா?” என்றார். இல்லை என்று சொல்லி, மறு அச்சுப் பிரதி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.