உயரப் பறக்கும் பலூனிலிருந்து கருவியை ஏன் கயிற்றில் இறக்கி ஏற்றுகிறார்கள்?

வளிமண்டலத்தை அளக்கும் கருவியைப் பலூனிலேயே பொருத்திவிடாமல், கயிற்றில் இறக்கி மீண்டும் மேலே இழுப்பது ஏன் என்று ஹற்றன் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பல வாரங்கள் மிதக்கும் பலூன் ஏறத்தாழ ஒரே உயரத்தில் காற்றோடு நகர்வதால், அதிலுள்ள கருவி ஒரு மட்டத்தை மட்டுமே அளக்கும். அதோடு பலூனின் உறையிலிருந்து கசியும் ஈரம், மிகக் குறைந்த நீராவியை அளக்கும் உணரியைக் குழப்பிவிடும். கயிற்றில் இறக்கினால் இரண்டு இடர்களும் நீங்குகின்றன. 2019இல் சீஷெல்ஸிலிருந்து தொடங்கிய ஸ்ட்ராட்டியோல்-2 என்ற வளிமண்டல ஆய்வுத் திட்டத்தில், 18 முதல் 20 கிலோமீற்றர் உயரத்தில் மிதந்த பலூன் ஒன்றிலிருந்து கருவி சுமார் 2 கிலோமீற்றர் கீழே இறங்கி ஏறியது. கடல் மட்டத்திலிருந்து நுவரெலியா நகரின் உயரத்தைவிடச் சற்று அதிகமான தூரம் அது. நம் மலைகளுக்கு மேலே எழும் இடிமுகில்களின் உச்சியும் மெல்லிய கீற்று முகில்களும் ஏறக்குறைய அக்கருவி அளக்கும் அடுக்கிலேயே இருப்பதால், இந்த அளவீடு நமக்கும் மிக முக்கியமானது என்று கருதுகிறேன்.

இறக்குவதைவிட ஏற்றுவதே கடினம். கருவியின் எடையுடன் தன் எடையையும் கயிற்றின் மேல்முனை தாங்க வேண்டியிருப்பதால், மெல்லியதும் வலுவானதுமான இழையே பயன்படும். இழுவிசையோடு சுற்றப்படும் இழை உருளையின் கீழ்ச்சுற்றுகளுக்குள் புதைந்து சிக்காதபடி, அதைப் பக்கவாட்டில் சீராகப் பரப்பும் வழிகாட்டியும் வேண்டும். வெளியே கடுங்குளிர் நிலவினாலும் காற்று மிக ஐதாக இருப்பதால் மோட்டாரின் வெப்பம் எளிதில் வெளியேறாது. ஆகவே மெதுவாகவே இழுக்க வேண்டும்.